ஹார்ட் டிஸ்க் ஹெட் தட்டைத் தொடும் புள்ளியை எப்படிக் கண்டுபிடிப்பது?

நண்பர்களே, ஹார்ட் டிஸ்க் ஹெட்டின் (தகவலைப் படித்து எழுதும் முனை) பறக்கும் உயரத்தை, அதாவது சுழலும் தட்டுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளியை, ஹீட்டரால் கட்டுப்படுத்தும் முறையைப் படித்து வருகிறேன். ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டேன், உதவுங்கள்.

ஹெட்டைத் தாங்கும் ஸ்லைடருக்குள் இருக்கும் குட்டி ஹீட்டருக்கு மின்சாரம் கொடுத்தால் ஹெட் பகுதி விரிந்து தட்டை நோக்கிப் புடைக்கும்; இடைவெளி ஒன்றிரண்டு நானோமீட்டர் வரை இறங்கிவிடும். எழுதும்போது ஹெட்டிலுள்ள எழுதும் காயிலின் சூடும் சேர்ந்து புடைக்க வைப்பதால் ஹீட்டரைக் கொஞ்சம் குறைக்கிறார்கள். இதுவரை சரி.

சிக்கல் தொடுபுள்ளியில்தான். ஹீட்டரை ஏற்ற ஏற்ற ஹெட்டிலுள்ள சென்சாரின் மின்தடை கூடுகிறது. தட்டை நெருங்கும்போது தட்டு வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் அந்த ஏற்றம் மட்டுப்படுகிறது. தொட்டதும் உராய்வுச் சூடு வந்து சேர்கிறது. லேசாக உரசும் நிலையில் இவை ஒன்றையொன்று மறைத்துவிடாதா? மின்தடையை மட்டும் நம்பலாமா, தொடும்போது எழும் அதிர்வைப் பிடிக்கும் ஒலி உமிழ்வு சென்சாரும் கட்டாயம் வேண்டுமா? அளந்து பார்த்தவர்கள் ஒரு வரைபடம் போட்டு விளக்கினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.