டவுன் பஸ் பாலத்தோடு திரும்புகிறது: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு மாலை

செல்வி அக்கா (5:42): இன்றும் டவுன் பஸ் வாய்க்கால் பாலத்தோடு திரும்பிவிட்டது. மழையில் சாலையின் ஓரம் அரித்து இறங்கிக் கிடப்பதால் ஓட்டுநர் அதற்கு அப்பால் வரப் பயப்படுகிறார். பிள்ளைகள் ஏழு பேரும் இரண்டு கிலோமீட்டர் நடந்தே வந்து சேர்ந்தார்கள். அடுத்த வாரம் அரையாண்டுத் தேர்வு.

மதுரை அத்தை (5:44): சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டதா, செல்வி?

செல்வி அக்கா (5:44): விட்டுவிட்டது அத்தை.

சித்தப்பா (5:51): [பகிரப்பட்ட செய்தி] "நம் வட்டாரக் கிராமச் சாலைகள் அனைத்தும் பராமரிக்கப்பட்டுவிட்டன, பள்ளி மாணவர்களுக்கு இனிச் சிரமமில்லை என்று நாடாளுமன்றத்தில் அமைச்சர் பதில்."

சித்தப்பா (5:52): அமைச்சரே டெல்லியில் இப்படிச் சொல்லிவிட்டால் இனி நம் பேச்சை யார் கேட்பார்கள்?

நான் (5:53): எந்த அமைச்சர், எந்தத் தேதி என்று இதில் இல்லையே சித்தப்பா.

பெரியப்பா (6:04): நாடாளுமன்றக் கேள்வி என்றால் அதற்கு ஓர் எண்ணும் ஒரு தேதியும் இருந்தே தீரும், இரண்டும் இல்லாத செய்தியை யாருக்கும் அனுப்ப வேண்டாம். மக்களவையில் காலை 11 மணிக்குத் தொடங்கும் கேள்வி நேரத்துக்கென நாளொன்றுக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20 பட்டியலிடப்படுகின்றன. அவற்றுக்கு அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்வார், உறுப்பினர்கள் துணைக்கேள்வியும் கேட்கலாம். ஆனால் ஒரு மணி நேரத்தில் அவற்றுள் சிலவற்றுக்கே முறை வரும். நட்சத்திரக் குறியில்லாத 230 கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வைப்பதோடு சரி. இந்தச் செய்தியில் சொல்லப்படும் பதில் எந்த வகை என்பதே தெரியவில்லை.

கதிர் (6:10): நாடாளுமன்ற இணையதளத்தில் தேடிப் பார்த்தேன், அப்படி ஒரு பதிலே இல்லை. கிராமச் சாலைப் பராமரிப்பு பற்றிய பதில்கள் இருக்கின்றன. அவற்றில் மாநிலவாரியாகக் கிலோமீட்டரும் தொகையும் அட்டவணையாக வருகின்றன, கிராமச் சாலை மாநில அரசின் பொறுப்பு என்ற வாக்கியமும் வருகிறது. நம் ஊரின் பெயர் எங்கும் இல்லை.

சித்தப்பா (6:11): அப்படியானால் டெல்லிக்கு இதில் வேலையே இல்லையா?

பெரியப்பா (6:22): இருக்கிறது. அரசமைப்பின்படி தேசிய நெடுஞ்சாலை தவிர மற்ற சாலைகள் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. கல்வியோ 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தால், மத்திய, மாநில அரசுகள் இரண்டும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலுக்குப் போனது. நம் பிள்ளைக்கு வீட்டு வாசலிலிருந்து வகுப்பறை வரை ஒரே வழிதான். டெல்லியில் அதன் பாதிக்கு ஊரக வளர்ச்சி அமைச்சர், மீதிக்குக் கல்வி அமைச்சர். ஒருவரிடம் கேட்டால் மற்றவரின் பங்கு பதிலில் வராது. ஆனால் 2000 டிசம்பர் 25 அன்று தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில் போடப்பட்ட சாலை என்றால் கதை வேறு. அதில் சாலை போட்ட ஒப்பந்தக்காரரே அதே ஒப்பந்தத்தின்படி ஐந்தாண்டுகளுக்குக் குறைகளைச் சரிசெய்து பராமரிக்க வேண்டும். 2019இல் ஒப்புதல் பெற்ற அதன் மூன்றாம் கட்டத்தில் 1,25,000 கிலோமீட்டர் சாலையை மேம்படுத்த எடுத்தபோது, மேல்நிலைப் பள்ளி, மருத்துவமனை, வேளாண் சந்தை ஆகியவற்றோடு ஊரை இணைக்கும் சாலைகளைத்தான் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். நம் சாலை அந்தக் கட்டத்தில் வருமானால், பள்ளிக்கூடத்தைக் காட்டி வாங்கிய சாலையில் பள்ளிப் பிள்ளைகள் போக முடியவில்லை என்று நேராகவே கேட்கலாம். பாலத்தருகே இருக்கும் பலகையை யாராவது போய்ப் படியுங்கள்.

மதுரை அத்தை (6:24): இருட்டில் செல்வியைத் தனியாக அனுப்பாதீர்கள்.

செல்வி அக்கா (6:49): பக்கத்து வீட்டு அக்காவோடு போய் வந்தேன். கைபேசி வெளிச்சத்தில் பெரியப்பா சொன்ன திட்டத்தின் பெயரும் மூன்றாம் கட்டம் என்பதும் தெளிவாகத் தெரிகின்றன. ஒப்பந்தக்காரர் பெயர் இருந்த இடத்தில் சுவரொட்டி ஒட்டிக் கிழித்திருக்கிறார்கள். பணி முடிந்த நாள் என்ற இடத்தில் ஜூன் 2021 என்று இருக்கிறது. அதன் கீழே முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு என்று பராமரிப்புத் தொகைக்கு ஐந்து வரிசைகள். நான்கு வரிசைக்கு எண் தெரிகிறது, ஐந்தாவது துருவில் போய்விட்டது. பலகைக்கு நேர் எதிரில் ஓரம் ஓர் ஆள் இறங்கி நிற்கும் அளவுக்குப் பிளந்திருக்கிறது.

நான் (6:51): அப்படியானால் 2026 ஜூன் வரை ஒப்பந்தக்காரர் பொறுப்புத்தான். நமக்கு ஆறு மாதம் இருக்கிறது.

சித்தப்பா (6:58): அந்தப் பிளந்த இடம் என் பங்கில் வந்த நிலம். சாலையை அகலப்படுத்த மூன்று சென்ட் விட்டபோது அண்ணன் தாளை நீட்டினார், நான் கையெழுத்துப் போட்டேன். உனக்குச் சம்மதமா என்று இந்தக் குடும்பத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

மதுரை அத்தை (6:59): அந்தப் பேச்சு இப்போது வேண்டாம், தம்பி.

பெரியப்பா (7:06): பேசட்டும். கேட்காமல் செய்தது என் தவறு, அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். வாய்க்கால் பக்கம் கரைச்சுவர் கட்டாமல் விட்டதால்தான் மண் அரித்தது என்பதை அந்த இடத்தைத் தினமும் பார்க்கிற நீதான் சரியாகச் சொல்ல முடியும். மனுவில் முதல் கையெழுத்து உன்னுடையதாக இருக்க வேண்டும்.

சித்தப்பா (7:07): யோசித்துச் சொல்கிறேன்.

கதிர் (7:13): பள்ளிப் பக்கத்தையும் கேட்க வேண்டும். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள்ளும், எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி வேண்டும் என்கின்றன. இல்லாத இடத்தில் போக்குவரத்து வசதி செய்து தர வேண்டும்.

செல்வி அக்கா (7:14): பள்ளி ஆறு கிலோமீட்டர். சின்னவள் ஏழாம் வகுப்பு, சரி. பெரியவள் ஒன்பதாம் வகுப்பு, அவளுக்கு?

கதிர் (7:15): சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறது அக்கா. அதனால்தான் அவளுக்குச் சாலையும் பஸ்ஸும் இன்னும் அவசியம்.

சித்தப்பா (7:18): பள்ளிக்கு வர வேண்டிய பணத்தையே டெல்லி தரவில்லை என்றார்களே?

கதிர் (7:23): மத்திய அரசு பள்ளிக் கல்விக்குப் பணம் தரும் சமக்ர சிக்ஷா திட்டத்தில் 2024–25ஆம் ஆண்டுக்குரிய 2,152 கோடி ரூபாய் வரவில்லை என்று தமிழ்நாடு அரசு சொன்னது. தமிழ்நாடு சேராத பி.எம். ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டம் பற்றிய கேள்வி 2025 மார்ச் 10 அன்று மக்களவையில் வந்தபோது, கல்வி அமைச்சர் தர்மேந்திர பிரதானின் பேச்சை எதிர்த்து அமளி எழுந்து அவை 12 மணி வரை ஒத்திவைக்கப்பட்டது. பிறகு அவர் ஒரு சொல்லைத் திரும்பப் பெற்றார். கேள்வி நேரம் அப்படிப் போய்விட்டதே என்று எனக்கு அன்று மிகவும் வருத்தமாக இருந்தது.

நான் (7:24): கட்சிப் பேச்சுக்குப் போக வேண்டாம். நம் எம்.பி. மூலம் நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டிய கேள்வியை யார் எழுதுவது?

பெரியப்பா (7:37): நான் எழுதுகிறேன். மத்திய அரசுக்கு முதன்மையான பொறுப்பில்லாத விஷயம் என்றால் கேள்வியை ஏற்க மாட்டார்கள். ஆகவே "எங்கள் ஊர்ச் சாலை மோசம்" என்று எழுதக் கூடாது. இந்தத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் நம் மாவட்டத்தில் எந்தெந்தச் சாலைகள் ஐந்தாண்டுப் பராமரிப்பில் இருக்கின்றன, ஆண்டுக்கு எவ்வளவு தொகை வழங்கப்பட்டது, கடைசியாக ஆய்வு நடந்தது எப்போது என்று கேட்க வேண்டும். குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதால் பட்ஜெட் கூட்டத்தொடருக்குத்தான் நம் எம்.பி.யிடம் கொடுக்க முடியும். "தகவல் திரட்டப்பட்டு வருகிறது" என்று பதில் வந்தாலும் மனம் தளர வேண்டாம். அந்த வாக்கியத்தை அவை உறுதிமொழியாகவே எடுத்துக்கொள்கிறது, மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், அதைக் கண்காணிக்க ஒரு குழுவே இருக்கிறது.

செல்வி அக்கா (7:39): பட்ஜெட் வரை பிள்ளைகள் நடப்பார்களா, பெரியப்பா?

கதிர் (7:41): இந்தத் திட்டச் சாலைகள் பற்றிப் புகார் செய்வதற்கான 'மேரி சடக்' செயலியில் படத்தோடு இன்றிரவே புகார் போடுகிறேன். பிளந்த இடத்தைப் பகலில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் அக்கா, பலகையும் அதில் விழ வேண்டும்.

நான் (7:42): பகலில் எடுக்கும் படத்தை வைத்து இன்றிரவு எப்படிப் போடுவாய்? நாளைக்குப் போடு. திங்கட்கிழமை ஆட்சியரின் குறைதீர் கூட்டத்துக்கு யார் போகிறார்கள்?

மதுரை அத்தை (7:44): அண்ணனுக்கு முழங்கால் வலி, அவரை அலைய வைக்காதீர்கள்.

பெரியப்பா (7:45): எனக்கு ஒன்றுமில்லை, நான் போகிறேன்.

சித்தப்பா (7:53): அண்ணன் தனியாகப் போக வேண்டாம். திங்கட்கிழமை எனக்கு வேறு வேலை இருக்கிறது, முடிந்தால் மாற்றிக்கொள்கிறேன். நாளை மாலை டார்ச்சை எடுத்துக்கொண்டு நான் பாலத்தில் நிற்கிறேன். பிள்ளைகள் தனியாக நடக்க வேண்டியதில்லை.

செல்வி அக்கா (7:55): பஸ் ஐந்தேகாலுக்கு வரும் சித்தப்பா.