எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் தலைப்பகுதி) எந்தப் பக்கம் முறுக்க வேண்டும்? (உப்புவெளி, திருகோணமலை)

அண்ணாமாரே, 93.5 பாகை கிழக்கில் நிற்கும் ஜிசாட்-15 செய்மதிக்கு டிஷ் பூட்டியிருக்கிறேன். கணக்குப்படி இங்கே திசை 124 பாகை, ஏற்றம் 72. கிட்டத்தட்ட உச்சிவானம்தான். சிக்னல் பலம் 85 காட்டுகிறது, தரமோ 25க்கும் 35க்கும் இடையில் துள்ளுகிறது. பிழைதிருத்தம் 3/4, அதாவது நாலு பிட்டில் ஒன்று திருத்தத்துக்கே போகிறது. அப்படியிருந்தும் படம் கட்டங்கட்டமாக உடைகிறது, குரல் அறுகிறது. அம்மா செய்தி நேரத்துக்கு வந்திருந்து, அசையாமல் நிற்கும் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறா. மனம் கேட்கவில்லை.

கடற்காற்றில் பச்சை பிடித்த கனெக்டரை மாற்றியாச்சு. இப்போது சந்தேகம் எல்என்பி முறுக்கில்தான். 55 பாகையளவு வருகிறது, சரி, டிஷ்ஷின் பின்னால் நின்று பார்த்தால் இடமா, வலமா? மாரி மழைக்கு முன் சரிசெய்ய வேண்டும். இதே செய்மதி பிடிக்கிறவர்கள் சொல்லுங்கள்.