சர்ஃப் மேட்டும் லைஃப்கார்டும்: விசில் அடிச்சாங்களா, விட்டாங்களா?

சிட்னி, டூங்காபியிலிருந்து

சர்ஃப் மேட் வைத்திருக்கும் நம்ம ஆட்கள் இங்கே எத்தனை பேர் என்று தெரியவில்லை. இருக்கிறவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது லைஃப்கார்டு முன்னால் நின்று விளக்கம் சொல்லியிருப்பீர்கள், அது மட்டும் நிச்சயம். அந்தக் கதைகளை இங்கே போடுங்கள். முதலில் என்னுடையது.

மேட் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். நீச்சல் குளத்தில் மிதக்கவிடுகிற பிளாஸ்டிக் காற்று மெத்தை வேறு, இது வேறு. இது படுத்தபடி அலையில் சவாரி செய்ய. உள்பூச்சு கொடுத்த நைலான் துணியில், நீளவாக்கில் நாலு அறை வைத்து ஒட்டியது. சுருட்டினால் தோள்பைக்குள் போய்விடும். வாயாலேயே ஊதலாம். ஆனால் இறுக்கி ஊதக்கூடாது. நடுவில் மடங்குகிற அளவுக்குத் தொளதொளவென்று விட்டால்தான் அலையோடு படிந்து போகும். முன் மூலைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு படுக்க வேண்டும். ஒரு கையை இறுக்கினால் காற்று நகர்ந்து ஓரம் விறைக்கும், மேட் அதற்கேற்பத் திரும்பும். அலையைப் பிடிக்கிற வேகம் காலில் மாட்டுகிற நீச்சல் துடுப்பான ஃபின்ஸில் இருந்து வருகிறது.

இதெல்லாம் கோபுரத்தில் நிற்கிறவருக்கு எப்படித் தெரியும்? முப்பது வயது தாண்டிய ஓர் இந்தியன், பஞ்சர் ஆன காற்று மெத்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பசிபிக் சமுத்திரத்துக்குள் போகிறான். அவர் பார்ப்பது அதைத்தான்.

வடக்குப் பக்கக் கடற்கரை ஒன்று, பெயர் வேண்டாம். குளிப்பவர்களுக்கென்று நட்டிருக்கும் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவே இறங்கினேன். முழங்கால் ஆழம்கூட வரவில்லை, விசில். “காற்றடைத்த சாமான் கொடிக்குள் கூடாது.” சரி என்று சர்ஃப் பலகைக்காரர்கள் இருக்கும் பக்கம் நடந்தேன். அங்கே மணலில் வண்டி ஓட்டிக்கொண்டு இன்னொரு பையன் வந்தான். “இது சர்ஃப் பலகை கிடையாது, இதோடு இங்கே இறங்கக்கூடாது, கொடிக்குள் போங்கள்.” நான் கொடியைக் காட்டி, “அங்கிருந்துதான் துரத்தினார்கள்” என்றேன். அவன் வாக்கிடாக்கியில் பேசினான். மூத்த லைஃப்கார்டு ஒருவர் இறங்கி வந்தார்.

அவர் திட்டவில்லை. மேட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். ஃபின்ஸைப் பார்த்தார். “நடுவில் இது வெடித்துப் போனால் என்ன செய்வாய்?” என்று கேட்டார். “நீந்தி வருவேன்” என்றேன். “எங்கே, மேட்டை இங்கே வைத்துவிட்டு, அலை உடைகிற இடத்துக்குப் பின்னால் போய்த் திரும்பி வா.” போய் வந்தேன். அப்புறம் அந்தப் பகல் முழுக்க யாரும் விசில் அடிக்கவில்லை.

அன்று முதல் புதுக் கடற்கரை எதற்குப் போனாலும் ஊதுவதற்கு முன்னாலேயே கோபுரத்தடிக்குப் போய், ஃபின்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு, “இதை எங்கே ஓட்டலாம்?” என்று கேட்டுவிடுகிறேன். “ஓட்டலாமா?” என்று கேட்டால் “வேண்டாம்” என்று சொல்லிவிடுவது அவர்களுக்குச் சுலபம்.

உங்கள் பக்கம் எப்படி?

சிட்னி, பெண்டில் ஹில்லிலிருந்து

தம்பி, உம்மட கதையை வாசிச்சுச் சிரிச்சனான். ஆனா ஒரு விஷயம். உந்தச் சாமான் இந்த ஊருக்குப் புதுசில்லை. பிறந்ததே இஞ்சதான். பிரொன்டேயில இருந்த டொக்டர் ஏர்னஸ்ட் ஸ்மிதர்ஸ் எண்டவர் 1933ஆம் ஆண்டளவில ரப்பரில செய்தது, சர்ஃபோபிளேன் எண்டு பேர். பிறகு சிட்னிக் கடற்கரையளில அதை வாடகைக்கே குடுத்தவை. எங்கட பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் சின்ன வயசில அதில படுத்து வந்தவர். நெஞ்சும் வயிறும் ரப்பர் உரசி எரியுமாம், அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்குச் சட்டை போடேலாதாம். இண்டைக்கு அதிண்ட பேரப்பிள்ளையைக் கொண்டுபோனா விசில் ஊதுகினம்.

ஆனா நான் விசில் ஊதுறவையின்ர பக்கம்தான் கொஞ்சம் சாய்வன். ஓகஸ்ட் மாதத்தில இஞ்ச அடிக்கிற மேற்குக் காத்துத் தெரியும்தானே? கரையில நிண்டா கடல் குளம் மாதிரிக் கிடக்கும். காத்து முதுகுப் பக்கமா அடிக்கிறபடியால ஒருத்தருக்கும் உறைக்காது. அப்பிடி ஒரு நாள், அன்ன வடிவில காத்து ஊதின பெரிய வளையம் ஒண்டில இருந்த ஒரு பெட்டையை அது அப்பிடியே இழுத்துக்கொண்டு போச்சுது. தாய் கரையில நிண்டு படம் எடுத்துக்கொண்டு நிக்கிறா, பிள்ளை சிரிச்சுக்கொண்டு போகுது. லைஃப்கார்ட் பலகையில போய் ஏத்திக்கொண்டு வந்தவர். பிள்ளைக்கு ஒண்டுமில்லை. வளையம் மட்டும் நியூசிலாந்துப் பக்கம் போயிட்டுது. அதைப் பாத்த கண்ணுக்குக் காத்தடிச்ச சாமான் எல்லாம் ஒண்டுதான்.

இன்னொண்டும் கவனியும். கிழமை நாளில நிக்கிறவை கவுன்சில் சம்பளத்தில வேலை செய்யிற லைஃப்கார்ட். சனி ஞாயிறில சிவப்பு மஞ்சள் தொப்பியோட நிக்கிறவையில கனபேர் கடல்மீட்புக் கிளப் தொண்டர்கள். அந்த வழக்கம் 1907 அளவில தொடங்கினது, பொண்டைக் கடற்கரையில. ஆக, புதன்கிழமை ஓம் எண்ட ஆள் ஞாயிற்றுக்கிழமை இல்லை எண்ட ஆளாக இருக்கமாட்டார், வேற ஆள். “போன கிழமை விட்டவையே” எண்டு வாக்குவாதப்பட்டுப் பிரயோசனம் இல்லை.

இங்கிலாந்து, கார்ன்வாலிலிருந்து

எனக்குச் சொந்த ஊர் குளச்சல். அப்பா கட்டுமரத்தில் போனவர். அதனால் பெண்டில் ஹில் அண்ணன் சொன்ன காற்று விஷயம் எனக்கு நல்லாவே பிடிபடும். விடியற்காலையில் கரைக்காத்து கடலுக்குத் தள்ளும், அதில்தான் மரம் போகும். மத்தியானத்துக்கு மேல் கடல்காத்து எடுத்தால் பாய் விரித்துத் திரும்புவார்கள். கரைக்காத்தை வைத்துத்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. அதே காற்று இங்கே மேட்டுக்கு எமன்.

இங்கே கடற்கரைக் காவலை ஆர்.என்.எல்.ஐ. பார்க்கிறது. 1824இல் தொடங்கின மீட்புப்படகு அறக்கட்டளை, கடற்கரைக்கு லைஃப்கார்டு போடத் தொடங்கியது 2001இல். அவர்கள் கொடி முறை தெளிவு. மேலே சிவப்பு கீழே மஞ்சள் கொடிகளுக்கு நடுவே குளிப்பவர்களும் பாடிபோர்டு (படுத்து ஓட்டுகிற குட்டைப் பலகை) ஆட்களும். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடி என்றால் சர்ஃப் பலகை, கயாக். கம்பத்தில் ஆரஞ்சு நிறத்தில் காற்றுப் பை ஆடினால் காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிறது, காற்றடைத்த எதையும் தண்ணீரில் இறக்கக்கூடாது. சிவப்புக் கொடி என்றால் யாருமே இறங்கக்கூடாது.

நான் போன அன்று ஆரஞ்சுப் பை நேராக நீட்டிக்கொண்டு ஆடியது. இருந்தாலும் மேட்டைக் காட்டி லைஃப்கார்டுப் பெண்ணிடம் பேசிப் பார்த்தேன். நல்ல பிள்ளை, சின்ன வயது. “உங்களுக்கு ஓட்டத் தெரியும் என்று நம்புகிறேன். ஆனால் நீங்கள் இறங்கினால் பின்னாலேயே பத்துப் பிள்ளைகள் கடையில் வாங்கின மெத்தையோடு இறங்கும், அவர்களை நான் எப்படி நிறுத்துவேன்?” என்றாள். எனக்கு அதற்குமேல் வாய் வரவில்லை. ஆரஞ்சுப் பை இறங்கின நாட்களில் அவளே என்னைச் சிவப்பு மஞ்சள் கொடிக்குள் பாடிபோர்டு கணக்கில் விட்டாள். கட்டம் போட்ட கொடிப் பக்கம் நானே போக மாட்டேன். அங்கே பலகையின் அடித்துடுப்பு ஒரு தடவை கிழித்தால் மேட் போயிற்று, முதுகும் போயிற்று.

ஒரு உபயோகமான விஷயம்: இங்கே தண்ணீர் குளிர். மணலில் வைத்து ஊதின காற்று, தண்ணீரில் இறங்கினதும் சுருங்கிவிடும். முதலில் மேட்டை நனைத்து, இடுப்பளவு தண்ணீரில் நின்று மீதியை ஊதுங்கள். லைஃப்கார்டு பார்வைக்கும் இது நல்லது. அங்கே நின்று நிதானமாக வால்வைச் சரிபார்க்கிற ஆளைப் பார்த்தால் விவரம் தெரிந்த ஆள் என்று அவர்களுக்கே பட்டுவிடும்.

கலிஃபோர்னியா, இர்வைனிலிருந்து

கார்ன்வால் அக்கா சொல்றது சரிதானுங்க, ஆனா எல்லா ஊரிலும் பேசிப் புரியவைக்க இடம் இருக்காதுங்க. எங்க பக்கத்தில் நியூபோர்ட் பீச், துறைமுகத் தடுப்புச் சுவர் ஓரமா ‘வெட்ஜ்’னு ஒரு இடம். சுவரில் மோதித் திரும்புற அலை அடுத்து வர்ற அலையோட சேர்ந்து கோபுரமா எழும்பி, கரையிலேயே உடையும். அங்கே மே 1 முதல் அக்டோபர் 31 வரை, காலை 10 மணியிலிருந்து மாலை 5 மணி வரைக்கும் மிதக்கிற சாமான் எதுவுமே கூடாது. சர்ஃப் பலகை, பாடிபோர்டு, மேட் எல்லாம் ஒரே கணக்கு. உடம்பும் ஃபின்ஸும் மட்டும்தான். மஞ்சள் கொடியில் கறுப்பு வட்டம் ஏறிடுச்சுன்னா வாதாட ஒண்ணுமில்லைங்க. இத்தனைக்கும் 1960-களில் அதே வெட்ஜில் கேன்வாஸ் மேட்டில் அலை பிடிச்சவங்க உண்டு.

எனக்கு இந்த மாதிரி விதிதான் பிடிக்குது. கடிகாரத்தைப் பார்த்தாப் போதும், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். டூங்காபி நண்பர் நீந்திக் காட்டினார், விட்டாங்க. அதே மூத்தவர் அன்னைக்கு லீவில் இருந்திருந்தா? நம்ம நிறத்துக்கு வேற மாதிரி பதில் வந்திருந்தா?

நல்ல கதையும் ஒண்ணு இருக்குதுங்க. நான் வழக்கமாப் போறது சான் ஒனோஃப்ரே. மெதுவான, நீளமான அலை, மேட்டுக்குன்னே செஞ்சு வெச்சது. அங்கே ஒரு நாள் வயசான லைஃப்கார்டு ஒருத்தர் ஜீப்பை நிறுத்திட்டு நேரா எங்கிட்ட வந்தார். போச்சுடான்னு நினைச்சேன். அவர் மேட்டை வாங்கி முகர்ந்து பார்க்கிறார்! “நான் சின்னப் பையனா இருக்கும்போது ரப்பர் பூசின கேன்வாஸ் மேட் வெச்சிருந்தேன், அந்த வாசனை இதில் இல்லையே”ன்னார். அப்புறம் ஜார்ஜ் கிரீனோ பத்தி ஆரம்பிச்சார். சாண்டா பார்பராக்காரர், பலகை வடிவமைப்பிலும் அலைக்குள்ளே இருந்து படம் பிடிக்கிறதிலும் பெரிய பேர் வாங்கினவர், கடைசியில் ஆஸ்திரேலியாவில் பைரன் பே பக்கம் போய்த் தங்கிட்டார். அப்பேர்ப்பட்ட ஆள் பலகையைவிட மேட்தான் வேகம்னு அதையே விடாம ஓட்டினார். அரை மணி நேரம் ஓடிப்போச்சு, நல்ல அலையெல்லாமும் போயிடுச்சு.

கோவளத்திலிருந்து (சென்னைக் கோவளம்)

இங்க கதையே வேற. மெரினால குளிக்கவே தடை, போலீஸ் கரையிலயே திருப்பி அனுப்பிடுவாங்க, மேட்டைப் பிரிக்கறதுக்குக்கூட வேலை இல்ல. கோவளத்துல எனக்கு விசில் அடிச்சது மீனவக் குப்பத்து சர்ஃப் பசங்கதான். “அண்ணா, இன்னாது இது, கல்யாண வூட்டுப் பாயா?”ன்னு ஒரு சிரிப்பு. அப்புறம் அதே பையன் கூடவே வந்து, முட்டுக்காடு முகத்துவாரம் பக்கம் போவாத, தண்ணி வெளிய இழுக்கும்னு கையக் காட்டினான். போர்டுல எழுதி வெச்சிருந்தா நான் படிச்சிருக்க மாட்டேன். மேட்டை அவன்கிட்ட குடுத்தேன், முதல் அலைலயே என்னைவிட நல்லா வந்தான்.

சிட்னி, டூங்காபியிலிருந்து

இர்வைன் நண்பருக்கு: நீங்கள் கேட்ட கேள்வி எனக்கும் உண்டு. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் அதே மேட்டோடு இறங்கியிருந்தால் விசில் வந்திருக்குமா? தெரியாது. ஆனால் அந்த மூத்தவர் கேட்ட கேள்வி தோலைப் பற்றியது இல்லை, நீச்சலைப் பற்றியது. அதில் எனக்கு வருத்தமில்லை. நம்மவர்களில் பலருக்கு நீச்சல் தெரியாது என்பதும், தெரியாமலே பொண்டையில் பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்திலேயே தண்ணீரில் இறங்குவதும் உண்மை. அது கடற்கரையின் தெற்கு மூலை; அங்கே ஓடுகிற இழுவை நீரோட்டத்துக்கு ‘பேக்பேக்கர்ஸ் எக்ஸ்பிரஸ்’ என்று உள்ளூரில் பெயரே இருக்கிறது. நீச்சல் தெரியாதவன் கையில் மேட் இருந்தால், அது இருக்கிற வரைதான் அவன் மிதப்பான். அவன் போகிற ஆழம் மட்டும் மேட்டை நம்பியே கூடிக்கொண்டு போகும்.

கடிகாரம் பார்த்துச் சட்டம் போட்டால் எனக்கும் வசதிதான். ஆனால் அப்படிப் போட்டால் எனக்கு இருக்கிற ஒரே சனிக்கிழமையும் போய்விடும்.

மெல்பர்னிலிருந்து

வாசிச்சுட்டே வந்தேன், ஒரு கேள்வி. என் பையனுக்கு 9 வயசு, நீச்சல் வகுப்பு போறான், 50 மீட்டர் போவான். லீவுக்கு டார்க்கீ கடற்கரைக்குப் போறோம். மேட் வாங்கித் தரலாமா?

சிட்னி, பெண்டில் ஹில்லிலிருந்து

பிள்ளை, குளத்தில 50 மீட்டர் வேற, நுரைக்குள்ள 50 மீட்டர் வேற. முதல்ல கையில கட்டுற கயிறோட ஒரு பாடிபோர்ட் வாங்கிக் குடும். பாடிபோர்டை ஏறக்குறைய எல்லா இடத்திலயும் கொடிக்குள்ள விடுவினம். மேட்டுக்குப் பெரும்பாலும் கயிறு இல்லை. கையைவிட்டுப் போனா காத்தோட பறந்திடும், பிள்ளை அதுக்குப் பின்னால போவான். ரெண்டு கோடை போகட்டும். ஃபின்ஸ் போட்டு அலைக்குள்ளால தானா வெளியில வந்து திரும்பட்டும், பிறகு பாப்பம். டார்க்கீயில முன்பக்கக் கடற்கரை சின்னப் பிள்ளையளுக்குப் பரவாயில்லை, போன உடன கோபுரத்தடியில நிக்கிறவையிட்ட அண்டைக்குத் தண்ணி எப்பிடி எண்டு கேளும்.

மெல்பர்னிலிருந்து

சரி அங்கிள், பாடிபோர்டே வாங்குறோம். மேட் அவனுக்கு வேண்டாம், ஆனா அவங்க அப்பா இப்போ விலை பார்த்துட்டு இருக்கார்.

சிட்னி, டூங்காபியிலிருந்து

அவர் நீந்துவாரா?