கலைச்சொல் விவாதம்: கார்புரேட்டரைத் தாண்டி நுழையும் காற்றுக்கு என்ன பெயர்?

அன்பின் நண்பர்களுக்கு, வணக்கம்.

பழைய சங்கிலி ரம்பங்களைப் புதுப்பிக்கும் கையேட்டின் சொற்பட்டியலில் ஒரு சொல் இன்னும் இழுபறியில் இருக்கிறது.

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோல் கலவை முதலில் கிராங்க்கேஸுக்குள் (பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் தண்டு சுழலும் அறை) போய்த்தான் சிலிண்டருக்கு ஏறுகிறது. பிஸ்டன் மேலே போகும்போது கிராங்க்கேஸ் உறிஞ்சும். கீழே வரும்போது அழுத்தும். உறிஞ்சும் நேரத்தில் காற்று கார்புரேட்டர் வழியாக மட்டுமே வர வேண்டும். காய்ந்து இறுகிய கிராங்க் சீல் (தண்டு வெளியே வரும் இடத்தை அடைக்கும் ரப்பர் வளையம்), வெடித்த இன்டேக் ரப்பர், சிலிண்டர் அடி கேஸ்கெட், கிராங்க்கேஸின் அழுத்தத் துடிப்பைக் கார்புரேட்டருக்குக் கொண்டுபோகும் இம்பல்ஸ் குழாய் என்று எது விட்டுக்கொடுத்தாலும் கணக்கில் வராத காற்று உள்ளே புகும். அதோடு பெட்ரோல் வராது, பெட்ரோலில் கலந்த ஆயிலும் வராது. கலவை வறண்டு, சூடு ஏறி, பிஸ்டனின் எக்ஸாஸ்ட் பக்கத்தில் கீறல் விழுந்து எஞ்சின் பிடித்துக்கொள்கிறது.

இதைப் பட்டியலில் ‘காற்றுக்கசிவு’ என்று போட்டிருக்கிறோம். எனக்கு இது ஒப்பவில்லை. கசிவு என்றால் உள்ளே இருப்பது வெளியே வருவது. படிப்பவர் ரம்பத்தின் வெளிப்புறத்தில் ஈரம் தேடுவார். ஒன்றும் காணாமல் கார்புரேட்டரைக் கழற்றுவார். ‘கள்ளக்காற்று’ என்பது என் முன்மொழிவு. கள்ளச்சாவி, கள்ளநோட்டு என்ற வரிசையில் வருவதால் விளக்காமலே புரியும்.

---

ஐயா, வணக்கம்.

> கசிவு என்றால் உள்ளே இருப்பது வெளியே வருவது.

உடன்படுகிறேன். ஆனால் கையேட்டில் ‘கள்ள’ என்ற ஒட்டு கொஞ்சம் பேச்சுவழக்காகத் தெரிகிறது. ‘புறவழிக்காற்று’ என்றால் என்ன? புறவழிச்சாலை எல்லோருக்கும் பழகிய சொல்தான்.

எந்தச் சொல்லை எடுத்தாலும் அதன் பதிவில் அறிகுறிகள் கட்டாயம் வேண்டும். முடுக்கியை விட்ட பிறகும் வேகம் உடனே இறங்காமல் தொங்குவது. ஐடிலில் (முடுக்கியைத் தொடாத மெது ஓட்டத்தில்) வேகம் ஏறி இறங்குவது. ரம்பத்தைப் பக்கவாட்டில் சாய்த்தால் ஐடில் மாறுவது. பேரிங்கில் ஆட்டம் இருந்தால் சாய்க்கும்போது தண்டு நகர்ந்து சீலை விட்டு விலகும், அதனால்தான் இப்படி ஆகிறது. முழு வேகத்துக்கான பெட்ரோல் அளவை மாற்றும் ஹெச் திருகைத் தாராளமாகத் திறந்தும், சுமையில்லாத முழு வேகத்தில், பெட்ரோல் கூடினால் வரவேண்டிய கரகரத்த தடுமாறும் ஓசை வராமல் இருப்பது. கடைசியில் சொன்னது மிக முக்கியம். அந்த ஓசை வரவில்லை என்று திருகைத் திறந்துகொண்டே போவார்கள். பெட்ரோல் கூடக் கூட ஒருவாறு ஓடும். கசியும் இடம் ஒருநாள் பெரிதாகும்போது பிஸ்டன் போய்விடும்.

---

இருவருக்கும் வணக்கம்.

‘புறவழி’ வேண்டாம் என்பேன். டயாஃப்ரம் கார்புரேட்டரின் திராட்டில் தகட்டுக்கு (முடுக்கியோடு திறந்து மூடும் தகடு) அருகே, ஐடிலிலிருந்து வேகம் எடுக்கும்போது பெட்ரோல் வருவதற்கென்று சிறு துளைகள் இருக்கின்றன. பழைய ரம்பங்களில் அதிகம் காணப்படும் டில்லட்சன் ஹெச்எல் வகையிலும் அவை உண்டு. அவற்றுக்குத்தான் ‘புறவழித் துளை’ என்ற பெயர் பொருந்தும். அவை வேண்டுமென்றே வைத்த வழி. நாம் பேசுவது யாரும் வைக்காத வழியில் வரும் காற்று. ஆகவே ‘கள்ளக்காற்று’க்கே என் ஆதரவு, பேச்சுவழக்காக இருப்பது இங்கே நல்லதுதான்.

ஆனால் ஒரு சொல்லோடு முடியாது. சோதனைக்கும் பெயர் வேண்டும், அதுவும் இரண்டு. கிராங்க் சீலின் ஸ்பிரிங் உள்ள பக்கம் கிராங்க்கேஸை நோக்கி இருக்கும். உள்ளே அழுத்தம் ஏறினால் அதுவே சீலின் விளிம்பைத் தண்டின் மேல் இறுக்கிவிடும். உள்ளே உறிஞ்சினால் விளிம்பு தண்டை விட்டு எழும்பும். வயதாகி இறுகிய சீல் அழுத்தத்தில் தேறி, உறிஞ்சலில் தோற்பதற்கு இதுதான் காரணம். பொதுவாக ‘கசிவுச் சோதனை’ என்று எழுதினால் பாதிப்பேர் ஊதிப் பார்த்து, அழுத்தமானியின் முள் நிற்கிறது என்று மூடிவிடுவார்கள். ‘வெற்றிடச் சோதனை’ என்பதும் சரியல்ல, வெற்றிடம் எங்கும் உண்டாவதில்லை. ‘ஊதல் சோதனை’, ‘உறிஞ்சல் சோதனை’ என்று செயலை வைத்தே பெயரிடலாம்.

செய்முறை இப்படி வரலாம். சைலன்சரைக் கழற்றி, எக்ஸாஸ்ட் வாயில் ரப்பர் தகடு வைத்து, சைலன்சரை மீண்டும் இறுக்கி மாட்ட வேண்டும். இன்டேக்கை அடைக்கும்போது கார்புரேட்டர் உட்காரும் முனையில் அடைக்க வேண்டும். சிலிண்டர் பக்கம் அடைத்தால் இன்டேக் ரப்பரே சோதனையிலிருந்து விடுபட்டுவிடும். கைப்பம்பை இம்பல்ஸ் குழாயில் மாட்டுவது நல்லது. பிளக் துளையில் மாட்டினால் பிஸ்டன் கீழே இருக்கும்போதுதான் காற்று கிராங்க்கேஸை எட்டும். அந்த நிலையில் ஸ்டில் 041 போன்ற எஞ்சின்களில் பிஸ்டனின் கீழ்ப்பகுதி இன்டேக் துளையை மறைத்து நிற்கும், வெடித்த ரப்பர் தப்பித்துவிடும்.

ஊதல்: 0.5 பார் ஏற்றி 20 விநாடி முள் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி இடத்தைக் காட்டும். உறிஞ்சல்: 0.5 பார் வரை இழுத்து 20 விநாடி விட வேண்டும், 0.3 பாருக்குக் கீழே தளர்ந்தால் சீல் போய்விட்டது. பிறகு தண்டை மெதுவாகத் திருப்பிச் சில இடங்களில் நிறுத்திப் பார்க்க வேண்டும். திருப்பும்போது கிராங்க்கேஸின் கொள்ளளவு மாறுவதால் முள் ஆடத்தான் செய்யும். நிறுத்திய இடத்தில் அது நிலைக்கிறதா என்பதே கேள்வி.

---

நண்பரே, நன்றி. ஊதல், உறிஞ்சல் இரண்டையும் ஏற்கிறேன். உங்கள் வாதத்துக்கு வலு சேர்க்கும் ஒன்று: ஹோம்லைட் எக்ஸ்எல்-12, மெக்கல்லக் 10-10 போன்றவை ரீட் வால்வு எஞ்சின்கள், அதாவது கார்புரேட்டருக்கும் கிராங்க்கேஸுக்கும் இடையில் உள்நோக்கி மட்டும் திறக்கும் மெல்லிய தகடுகள் கொண்டவை. ஊதினால் ரீட் தகடுகள் மூடிக்கொள்ளும். அவற்றுக்கும் கார்புரேட்டருக்கும் இடையில் உள்ள கேஸ்கெட்டை அழுத்தம் எட்டாது. உறிஞ்சினால் தகடு திறக்கும், கேஸ்கெட்டின் குறை உடனே தெரியும். இரண்டு சோதனையும் ஒன்றுக்கு மாற்று அல்ல என்று கையேட்டில் தடித்த எழுத்தில் வர வேண்டும்.

பதிவை இப்படி எழுதியிருக்கிறேன்:

கள்ளக்காற்று: கார்புரேட்டர் வழியாக அல்லாமல் சீல், கேஸ்கெட், ரப்பர், குழாய் ஆகியவற்றின் குறை வழியே கிராங்க்கேஸுக்குள் நுழைந்து கலவையை வறளச் செய்யும் காற்று. உறிஞ்சல் சோதனையில் தெரியும். திருகைத் திறந்து சரிசெய்யக் கூடாது.

‘காற்றுக்கசிவு’ என்ற சொல்லை ஊதல் சோதனையில் வெளியேறும் காற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்வோம்.

சீலின் விளிம்புக்கு ‘உதடு’ என்று சிலரும் ‘இதழ்’ என்று சிலரும் எழுதியிருக்கிறார்கள். பட்டறையில் உதடு என்றால் புரிகிறது, அதையே வைக்கலாம். சீல் மாற்றும் பகுதியில் அந்தச் சொல் அடிக்கடி வரும்: புதுச் சீலை ஏற்றும் முன் தண்டின் சாவிப்பள்ளத்திலும் மரையிலும் மெல்லிய டேப் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் அவற்றின் கூர்மை உதட்டைக் கிழித்துவிடும். உதட்டில் கிரீஸ் தடவ வேண்டும், உலர்ந்த உதடு முதல் ஓட்டத்திலேயே கருகும். பழைய உதடு தண்டில் தடம் பதித்திருந்தால், இடமிருக்கும் வரை புதுச் சீலை அரை மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைத்து, தேயாத பரப்பில் படச் செய்யலாம். தண்டின் முனையைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரிகிறதா? அப்படியானால் பேரிங்கை மாற்றாமல் சீலை மட்டும் மாற்றுவது வீண்.

ஃபிளைவீல் பக்கச் சீலுக்குத் தனிக் குறிப்பு தேவை. பழைய ரம்பங்களில் காண்டாக்ட் பாயிண்ட் (திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் மின்தொடர்பு முனை) அதே பக்கம் இருப்பதால், அந்தச் சீல் விட்டால் ஆயில் பாயிண்டில் படிந்து பொறியும் பலவீனமாகும். எரிபொருள் குறையா பற்றவைப்புக் குறையா என்று குழம்புவது அங்கேதான். அந்தப் பத்தியை யாராவது எழுதித் தந்தால் இந்த வாரமே சேர்த்துவிடலாம்.