ஐ.எல்.ஆர் 5 வருஷம் 10 ஆனா வாடகை இறங்குமா?

சேலத்தான்:
பிரிட்டன்ல நிரந்தரமாத் தங்குற உரிமை, அதான் ஐ.எல்.ஆர், வேலை விசாவுல வந்தவங்களுக்கு 5 வருஷத்துல கிடைச்சிட்டிருந்துச்சு. 2025 மே மாசம் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை அதை 10 ஆக்கணும்னு சொல்லுச்சு. நவம்பர் முன்மொழிவு, கேர் வேலைக்கு, அதாவது முதியோர், நோயாளிகளைப் பார்த்துக்கிற வேலைக்கு வந்தவங்கள்ல நிறைய பேருக்கு 15னு போகுது, ஏற்கெனவே இங்க இருக்கிறவங்களையும் சேர்த்து.

எங்க வாட்ஸ்அப் குழுவுல ஒருத்தர், "நல்லதுதான், கூட்டம் குறையும், வாடகை இறங்கும்"னு போட்டிருக்கார். எனக்கு அப்படித் தோணல. நான் 2021 கடைசியில வந்தேன். ஐ.எல்.ஆர் வந்ததும் வீடு வாங்கலாம்னு டெபாசிட் சேர்த்துட்டிருந்தேன், இப்ப நிறுத்திட்டேன். அதுக்காக ரோட்டுலயா படுக்கப் போறேன்? இருக்கிற வாடகை வீட்டுலயேதான் இருப்பேன். நான் காலி பண்ணினா அந்த வீடு இன்னொருத்தருக்குக் கிடைச்சிருக்கும். அதுவும் இல்ல.

ஹரோ_அண்ணை:
தம்பி, நீங்கள் இருக்கிற ஆக்களை மட்டும் எண்ணுறியள். வராமல் விடப்போற ஆக்களை எண்ணேல்லை. 10 வருஷம் எண்டால் ஒரு நேர்ஸ் பிள்ளை இங்க வாறதோ, ஆஸ்திரேலியாவுக்குப் போறதோ எண்டு ரண்டு தரம் யோசிக்கும்.

கனடாவைப் பாருங்கோ. 2024 ஜனவரியில மாணவர் விசாவுக்கு உச்சவரம்பு அறிவிச்சவை. அதுக்குப் பிறகு ரொறொன்ரோவிலயும் வான்கூவரிலயும் புது வாடகை இறங்கினது. மறுபக்கம், 1980இல கியூபாவில இருந்து ஏறக்குறைய 125,000 பேர் மயாமிக்கு வந்து இறங்கினவை. 1979க்கும் 81க்கும் இடையில அங்க வாடகை ஒத்த மற்ற ஊர்களை விட 8 முதல் 11 வீதம் கூட ஏறினது எண்டு அல்பேர்ட் சைஸ் எண்ட பொருளியலாளர் கணக்குக் காட்டினவர். ஆக்கள் கூடினால் ஏறும், குறைஞ்சால் இறங்கும். இதுக்குப் பட்டம் தேவையில்லை.

சேலத்தான்:
அண்ணே, கனடாவுல அதே சமயம் ஆயிரக்கணக்குல புது காண்டோ, அதான் அடுக்குமாடி வீடு, கட்டி முடிஞ்சு சந்தைக்கு வந்துச்சு. அதை விட்டுட்டீங்க. அதோட, அது உள்ள வர்ற கதவை மூடினது. இது உள்ள இருக்கிறவனை வராண்டாவுலயே உக்கார வைக்கிறது. ரெண்டும் வேற.

மயாமிக்கு பதில் நான் பிரிட்டன் ஆய்வே தர்றேன். ஃபிலிபா சாங்கிற பொருளியலாளர் 2015ல எழுதினது. ஒரு வட்டாரத்து மக்கள்தொகையில 1 சதவீதம் அளவு குடியேறிகள் வந்தா, அங்க வீட்டு விலை சுமார் 1.7 சதவீதம் குறையுது. வசதியான உள்ளூர்க்காரங்க வேற இடத்துக்குப் போயிடறாங்க, அவங்க பணமும் கூடவே போயிடுது. அதனால ஆள் கூடினா விலை ஏறும்ங்கிறது ஊருக்கு ஊர் மாறும்.

ஹரோ_அண்ணை:
அது வாங்குற விலை, நான் சொன்னது வாடகை. புளியமரத்தைக் காட்டி மாங்காய் விலை பேசாதேங்கோ.

வட்டிக்கணக்கு:
நான் மார்ட்கேஜ் தரகு வேலை பார்க்கிறேன். இருவருமே ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஐ.எல்.ஆர் இல்லாதவர் வீடு வாங்க முடியாது என்று சட்டம் எதுவும் இல்லை. விசாவில் இருப்பவருக்குப் பல வங்கிகள் 25 சதவீதம் டெபாசிட் கேட்கும். சில வங்கிகள் 10 சதவீதத்துக்கும் தரும், ஆனால் விசாவில் எவ்வளவு காலம் மிச்சம், சம்பளம் எவ்வளவு என்று துருவும். 3,00,000 பவுண்ட் வீட்டுக்கு 30,000 எங்கே, 75,000 எங்கே!

போன மாதம் ஒரு தம்பதி. சர்வே அறிக்கை கையில், கூரையில் ஈரம் என்பதற்காக விலையைக்கூடக் குறைத்துப் பேசி முடித்துவிட்டார்கள். கடைசியில் கணவர் கேட்டார்: "ஏழாவது வருஷம் வேலை போனா, 60 நாள்ல விசாவுக்குப் பொறுப்பேற்கிற வேற கம்பெனி (ஸ்பான்சர்) கிடைக்கலைன்னா, இந்த வீட்டை என்ன செய்யறது?" என்னிடம் பதில் இல்லை. விலகிவிட்டார்கள். இப்படிப் பின்வாங்குபவர்கள் பெரும்பாலும் முதல் வீடு வாங்குபவர்கள். அவர்கள் தேடுவது இரண்டு, மூன்று அறை வீடுகள். அந்த அடுக்கில்தான் விலை தளரும் என்பது என் கணிப்பு. பெரிய வீடுகளுக்கு ஒன்றும் ஆகாது.

நைட்ஷிப்ட்:
நான் கேர் வேலை. எனக்கு 15 வருஷக் கணக்கு. வீடு வாங்குற பேச்செல்லாம் உங்களுக்கு. மூணு பெட்ரூம் வீட்ல நாங்க ஏழு பேர், ஹாலையும் சேர்த்து. குளியலறைக் கதவுல யார் எத்தனை மணிக்குன்னு ஒரு தாள் ஒட்டியிருக்கு. வேற வேற குடும்பத்து ஆளுங்க அஞ்சு பேர் ஆனாலே லைசென்ஸ் எடுக்கணும்னு வீட்டு ஓனருக்குத் தெரியும், எடுக்கல. கவுன்சில்ல சொன்னா முதல்ல தெருவுல நிக்கிறது நான்தான். பப்ளிக் ஃபண்ட்ஸ், அதான் அரசு உதவி, கிடையாதுன்னு என் விசாவுலயே இருக்கு, கவுன்சில் வீட்டுக்குப் பதியவும் முடியாது. இன்னும் பத்து வருஷம் இதே தாளா?

ஹரோ_அண்ணை:
தங்கச்சி, அந்த ஆள் செய்யிறது பிழை. எல்லா வீட்டுக்காரரையும் அப்பிடி எண்ணாதேங்கோ. ஆனால் எங்கட பக்கத்தையும் சொல்லவேணும். 2016 பெப்ரவரியில இருந்து இங்கிலாந்து முழுக்க குடியிருக்கிறவையின்ர விசாவை நாங்கள்தான் பார்க்கவேணும். பிழைச்சால் முதல் தடவையே ஓராளுக்கு 10,000 பவுண்ட் வரைக்கும் தண்டம். என்ர கொப்பியில வாடகை முடியிற திகதிக்குப் பக்கத்தில விசா முடியிற திகதியும் எழுதி வைச்சிருக்கிறன். சிவப்புப் பேனையால.

சேலத்தான்:
அந்த சிவப்புப் பேனாதான் அண்ணே என் கவலை. ஐ.எல்.ஆர் வந்துட்டா அந்தத் தேதியே இல்ல. இப்போ இன்னும் பல வருஷத்துக்கு ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் அந்தப் பேனா வரும். போன தடவை வீடு தேடினப்ப ஏஜென்ட் என் பட்ஜெட்டைக் கேக்கல, "விசா எப்ப முடியுது"ன்னுதான் முதல்ல கேட்டார்.

முன்னாடி இதுக்கு ஒரு வழி இருந்துச்சு, ஆறு மாச வாடகையை மொத்தமாக் கட்டிடுவோம். 2026 மே 1லேர்ந்து இங்கிலாந்துல ஒரு மாசத்துக்கு மேல முன்கூட்டி வாங்கக் கூடாது. நல்ல எண்ணத்துல போட்ட சட்டம்தான். ஆனா வாடகைக்கு ஜாமீன் நிக்க ஆள் (கேரண்டர்) இல்லாதவனுக்கு அந்த வழியும் போச்சு. காரணமில்லாம காலி பண்ணச் சொல்ற செக்‌ஷன் 21ம் போயிடுது. வெளிய அனுப்பறது கஷ்டம்னா ஓனர் உள்ள விடும்போதே வடிகட்டுவார். நீங்க மாட்டீங்களா?

ஹரோ_அண்ணை:
வடிகட்டுவன். பொய் சொல்லேல்லை. ஆனால் அப்பிடிப் பார்த்தால் உங்களுக்கு வீடு கிடைக்கிறதுதான் கஷ்டம், ஊரில வாடகை ஏறும் எண்டதுக்கு அது கணக்கில்லை.

வட்டிக்கணக்கு:
அங்கேதான் பிரிகிறது, அண்ணை. பொதுச் சராசரி இறங்கலாம். விசாக்காரருக்குக் கதவு திறக்கும் கொஞ்ச வீடுகளில் மட்டும் போட்டி கூடி வாடகை ஏறலாம். நைட்ஷிப்ட் இருக்கும் வீட்டைப் போன்றவற்றில்.

நைட்ஷிப்ட்:
ஏறிடுச்சு. இந்த மாசம் ஆளுக்கு 40 பவுண்ட்.

ஹரோ_அண்ணை:
அந்த வீடு எந்த ஏரியா, தங்கச்சி? தனி மெசேஜ் போடுங்கோ. என்ர பின் அறை வாற மாதம் காலியாகுது. விசாவை ஒன்லைன்ல பார்க்கிற ஷேர் கோட் மட்டும் தேவை.