ராத்திரிச் சோற்றைக் குறைப்பவர்களுக்கு மாற்று சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க நடக்கும் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்பவர்களுக்கு மூன்று மாதத் திட்டம் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறோம். எச்பிஏ1சி என்ற ரத்தச் சோதனை காட்டுவது ஏறக்குறைய மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைத்தான், அதனால் அந்தக் கணக்கு. அது 5.7 முதல் 6.4 சதவீதம் வரை இருந்தால் சர்க்கரை நோயின் வாசற்படி.

நடையில் சிக்கல் இல்லை. முதல் வாரம் தினமும் சாப்பிட்டபின் 10 நிமிடம், அப்புறம் வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டி 30 வரை. எடுத்த எடுப்பில் ஒரு மணி நேரம் நடப்பவர்கள் குதிகால் வலி வந்து நின்றுவிடுகிறார்கள். காபிச் சர்க்கரையும் அப்படித்தான். வாரம் கால் ஸ்பூன் குறைத்தால் நாக்கு பழகிக்கொள்ளும்.

இடறுவது ராத்திரிச் சாப்பாட்டில். சோற்றைப் பாதியாக்கிவிட்டு அந்த இடத்தில் எதையும் வைப்பதில்லை. பத்து மணிக்குப் பசிக்கும், கை மிக்சர் டப்பாவுக்குப் போகும். சோற்றுக்குப் பதில் நாலு சப்பாத்தி சாப்பிட்டாலும் மாவுச்சத்து பெரிதாகக் குறையாது. ஒரு கப் சோறு, ஒரு கப் பொரியல், அரை கப் கெட்டிப் பருப்பு அல்லது சுண்டல் என்றால் வயிறு தாங்கும்.

ஒன்பது மணிக்கு வீடு திரும்புபவர்கள் 20 நிமிடத்தில் செய்ய, பயறோ முட்டையோ சேர்ந்த உணவு தெரிந்தவர்கள் எழுதுங்கள். எத்தனை பேருக்கு, என்ன அளவு, ஊறும் நேரம் எவ்வளவு என்பதும் வேண்டும். கூழ் வகை வேண்டாம். கரைத்துக் குடித்தால் சர்க்கரை சீக்கிரம் ஏறும்.

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் சோற்றைக் குறைக்க வேண்டாம், ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம்.