ஏஜென்ட் சேர்த்துவிட்ட காலேஜ் சரியில்லை, மாறலாமா? அவசரம்

வைகைக்கரை:
வணக்கம். கனடா வந்து மூன்று வாரம் ஆகிறது. என் காலேஜ் ஒரு பிளாசாவில், பல் ஆஸ்பத்திரிக்கு மேல் மாடியில் இருக்கிறது. லைப்ரரி எங்கே என்று கேட்டால் நான்கு கம்ப்யூட்டரும் ஒரு பிரின்டரும் உள்ள அறையைக் காட்டுகிறார்கள். பிரின்டரில் 'பழுது' என்று காகிதம் ஒட்டியிருக்கிறது. இங்கே படித்தால் வொர்க் பெர்மிட் கிடைக்காது என்று ரூம்மேட் குண்டைத் தூக்கிப் போடுகிறாள். அப்பா வீட்டை அடமானம் வைத்து அனுப்பியிருக்கிறார், அவரிடம் இன்னும் வாய் திறக்கவில்லை. எந்தக் காலேஜ் நல்லது? உடனே மாறலாமா? திங்கட்கிழமைக்குள் அடுத்த தவணை கட்டவேண்டும். யாராவது சொல்லுங்கள், ப்ளீஸ்.

குளிர்பெட்டி:
தங்கச்சி, காலேஜ் எல்லாம் அப்புறம். முதலில் நல்ல ஸ்னோ பூட்ஸ் வாங்கு, அதில் கஞ்சத்தனம் வேண்டாம். நான் வந்தபோது பிராம்ப்டனில் ஒரு பேஸ்மென்டில் ஆறு பேர், ஒரே அடுப்பு. எனக்குச் சமைக்க முறை வரும்போது ராத்திரி பதினொன்று. இப்போது எல்லாம் சரியாகிவிட்டது. உனக்கும் ஆகும்.

ஸ்கார்பரோ பெரியப்பா:
பிள்ளை, பயப்படாதே. சென்டெனியலில் சேர், எங்கட வீட்டிலிருந்து ஒரே பஸ். ஒன்டாரியோவின் முதல் அரசு கம்யூனிட்டி கல்லூரி அது, 1966இல் தொடங்கினது. நாங்கள் வரேக்க ஏஜென்டும் இல்லை, ஒன்றும் இல்லை. பகலில் ஃபாக்டரி, இரவில் ஆங்கில வகுப்பு.

ரீசெட்_ராஜா:
மாறுவது ரொம்ப ஈஸி. நான் 2019இல் மாறினேன். கனடா குடிவரவுத் துறையின் (ஐஆர்சிசி) அக்கவுன்டில் புதுக் காலேஜின் நம்பரைப் போட்டேன், அவ்வளவுதான், வேலை முடிந்தது. சும்மா பயமுறுத்துவார்கள்.

மூணாம்செம்:
ராஜா அண்ணா, அந்தக் காலம் மலையேறிவிட்டது. 2024 நவம்பர் 8க்குப் பிறகு காலேஜ் மாறினால் புது ஸ்டடி பெர்மிட் வேண்டும். உங்கள் பேச்சைக் கேட்டு நம்பரை மட்டும் மாற்றினால் அந்தப் பெண் சட்டப்படி தங்கும் ஸ்டேட்டஸ் போய் நிற்பாள்.

குளிர்பெட்டி:
ரூல் மாற்றுவதுதான் இவர்களுக்கு வேலை. மாணவர்கள் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம் என்றார்கள், கணக்கே இல்லை என்றார்கள், இப்போது 24. வாடகைக்கு மட்டும் ஒரு ரூலும் கிடையாது.

மூணாம்செம்:
ஏஜென்டுக்குக் காலேஜ்தானே கமிஷன் தருகிறது, அவன் உண்மையைச் சொல்வானா? என் ஏஜென்ட் விசா வந்த நாள்வரை தினமும் 'குட் மார்னிங்' அனுப்பினான். இறங்கியதும் பிளாக்.

ரீசெட்_ராஜா:
என்னைக் கேட்டால் எல்லாரும் நர்சிங் படியுங்கள். கம்ப்யூட்டர் படித்தவன்தான் இங்கே டெலிவரி ஓட்டுகிறான்.

தோசைக்கல்:
நர்சிங் சீட் என்ன ரோட்டோரத்திலா கிடக்கிறது? பாவம், அந்தப் பெண் கேட்டது என்ன, நீங்கள் பேசுவது என்ன?
வைகைக்கரை, நான் ஒரு அரசுக் கல்லூரியில் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் இருக்கிறேன். எந்த ஊர்? என்ன கோர்ஸ்? தனியாரா, அரசா? எப்போது ஸ்டடி பெர்மிட்டுக்கு விண்ணப்பித்தாய்? இது தெரியாமல் யார் சொன்னாலும் குருட்டாம்போக்குதான்.

வைகைக்கரை:
சாரி அக்கா. சர்ரே, பிரிட்டிஷ் கொலம்பியா (பிசி). தனியார். இரண்டு வருட பிசினஸ் மேனேஜ்மென்ட் டிப்ளமோ. போன வருஷம் பிப்ரவரியில் விண்ணப்பித்தேன்.

ஸ்கார்பரோ பெரியப்பா:
அட, வான்கூவர் பக்கமோ! அப்ப பஸ் சரிவராது.

தோசைக்கல்:
சரி, இப்போது பேசலாம். பிசியில் தனியார் காலேஜ் டிப்ளமோவுக்குப் படிப்புக்குப் பிந்திய வொர்க் பெர்மிட் கிடைக்காது. உன் ரூம்மேட் சொன்னது சரி. ஆனால் பதறி அரசுக் கல்லூரியில் இதே பிசினஸ் டிப்ளமோவில் சேர்ந்தாலும் பயனில்லை. 2024 நவம்பர் 1 முதல் ஸ்டடி பெர்மிட்டுக்கு விண்ணப்பித்தவர்கள், பட்டப்படிப்பு இல்லையென்றால், வொர்க் பெர்மிட் பெற ஐஆர்சிசி பட்டியலில் உள்ள துறையில் படித்திருக்கவேண்டும். பிசினஸ் அதில் இல்லை. அதனால் காலேஜ் பெயரைப் பார்ப்பதற்கு முன் கோர்ஸைப் பார். ஒவ்வொரு கோர்ஸுக்கும் சிஐபி என்று ஆறு இலக்க எண் உண்டு. அதை அட்மிஷன் அலுவலகத்தில் எழுத்தில் வாங்கி, பட்டியலில் நீயே தேடு. டிகிரியாக இருந்தால் துறைக் கட்டுப்பாடு இல்லை.

உன் பக்கத்தில் சர்ரேயிலேயே குவான்ட்லன் இருக்கிறது, நியூ வெஸ்ட்மின்ஸ்டரில் டக்ளஸ், வான்கூவரில் லங்காரா, பர்னபியில் பிசிஐடி. நான்கும் அரசு. ஃபீஸை மட்டும் வைத்து முடிவெடுக்காதே. அங்கே படித்தால் யூ-பாஸ் என்ற மாணவர் பயண அட்டையில் பஸ்ஸும் ஸ்கைட்ரெய்னும் அடங்கிவிடும்.

புதுப் பெர்மிட் கைக்கு வரும்வரை இப்போதைய காலேஜை விடாதே, வகுப்புக்கும் மட்டம் போடாதே. நீ தொடர்ந்து படிக்கிறாயா என்பதைக் காலேஜ்கள் ஐஆர்சிசிக்குத் தெரிவிக்கின்றன. மாறுவதற்கு மாகாண ஒப்புதல் கடிதமும் வேண்டும், அதைப் புதுக் காலேஜ் வழியாகத்தான் வாங்கவேண்டும்.

திங்கட்கிழமை விஷயம்: கட்டாமல் சும்மா இருந்தால் பதிவை ரத்து செய்துவிடுவார்கள். இன்றே மின்னஞ்சலில் அவகாசம் கேள், ரீஃபண்ட் விதியையும் எழுத்தில் கேள். தனியார் காலேஜ்களைக் கண்காணிக்கும் பிசி அரசுப் பிரிவான பிடிஐஆர்யுவின் அங்கீகாரம் பெற்ற கோர்ஸ் என்றால், பாட நேரத்தில் 30 சதவீதம் தாண்டியபின் விலகினால் ஒரு காசும் திரும்பாது, அதற்கு முன் விலகினால் ஒரு பகுதி திரும்பும். வொர்க் பெர்மிட் பற்றிக் காலேஜே பொய் சொல்லியிருந்தால் அந்த விளம்பரம், மெசேஜ் எல்லாம் சேமித்து வை. காலேஜின் புகார் நடைமுறையை முடித்தபின் பிடிஐஆர்யுவிடம் போகலாம்.

சேர்ந்த பிறகு பெரும்பாலானோர் எட்டிக்கூடப் பார்க்காத இடம் கேரியர் சென்டர். ரெசுமே திருத்துவார்கள், இன்டர்வியூ பழக்குவார்கள், எல்லாம் உன் ஃபீஸில் அடக்கம். கோ-ஆப், அதாவது படிப்போடு சேர்ந்த வேலை அனுபவம், உள்ள கோர்ஸா என்று சேரும்போதே கேள். அட்மிஷனுக்கு எழுதிய ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் தேர்வு வொர்க் பெர்மிட்டுக்குச் செல்லாது, படிப்பு முடியும் சமயம் ஐஇஎல்டிஎஸ் ஜெனரல் எழுதவேண்டும்.

வைகைக்கரை:
அக்கா, மூச்சு வந்தது. ஹெல்த் கார்டுக்கும் விண்ணப்பிக்கவில்லை, அதுவும் அவசரமா?

தோசைக்கல்:
ஆமாம். பிசியின் அரசு மருத்துவக் காப்பீடான எம்எஸ்பிக்கு, வந்தவுடனே விண்ணப்பிக்கவேண்டும். வந்த மாதத்தில் மிச்சமும் அடுத்த இரண்டு மாதமும் காத்திருப்பு, அதுவரைக்கும் தனியார் இன்ஷூரன்ஸ் எடுத்துக்கொள். அப்புறம் மாதம் 75 டாலர்.